ஆலை வாசலில் அம்பேத்கர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில், ஒரகடத்திற்குச் சற்று முன்னால் உள்ள ஒரு பேருந்து நிறுத்தத்தை ஒட்டி அம்பேத்கரின் சிலை நிற்கிறது. தமிழகத்தின் பல ஊர்களில் போல இங்கும் அவரைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு. காலை ஐந்தரை மணிக்கு நான் நடைப்பயிற்சிக்குப் போகும்போது அந்த நிறுத்தத்தில் நூறு பேராவது நிற்பார்கள். பெரும்பாலோர் முப்பதைத் தொடாதவர்கள். பாதிக்கு மேல் பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை. அட்டையைத் தாங்கும் பட்டையின் நிறத்தைப் பார்த்தே, இவர் நிரந்தரத் தொழிலாளி, இவர் ஒப்பந்தத் தொழிலாளி, இவர் பயிற்சியாளர் என்று சொல்லிவிடலாம் என எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. கருவுற்றிருந்த ஆறாவது மாதத்தில் ஒரு நாள், கையில் இரண்டு காகிதங்களுடன் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஓராண்டுக்குள் ஒப்பந்ததாரர் மாறியிருக்கிறார். புதியவர் அவளுக்குப் புதிதாக ஓர் இஎஸ்ஐ எண் வாங்கிவிட்டார். பழைய எண்ணில் சில மாதச் சந்தா, புதிய எண்ணில் சில மாதச் சந்தா. மகப்பேறுக் காலப் பலன் பெற, முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் குறைந்தது எழுபது நாளுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அவள் அதைவிடப் பல நாள்கள் உழைத்திருந்தாள். ஆனால், அந்த உழைப்பு ஒரே பெயருள்ள இரண்டு பெண்களின் கணக்கில் பிரிந்து கிடந்தது. நான் பொருளியல் பேராசிரியர் என்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும் என்று அவள் நம்பினாள்.

எனக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொதுநிதியியலும் வளர்ச்சிப் பொருளியலும் நடத்தியவன் நான். மக்கள் நல அரசின் தோற்றம் என்ற பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரி நடத்தினேன். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீட்டையும், 1884இல் விபத்துக் காப்பீட்டையும், 1889இல் முதுமை ஓய்வூதியத்தையும் கொண்டுவந்தார்; 1942 டிசம்பரில் பிரிட்டனில் வில்லியம் பெவரிட்ஜ் தன் அறிக்கையை வெளியிட்டார்; அங்கிருந்து உலகெங்கும் பரவியது. அவ்வளவுதான். பெவரிட்ஜ் அறிக்கை வெளியான அதே ஆண்டில், தில்லியில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் யார் அமர்ந்திருந்தார் என்பதை நான் மாணவர்களுக்குச் சொன்னதே இல்லை. அரசமைப்பை வகுத்தவராகவும், தாழ்த்தப்பட்டோரின் தலைவராகவும் அறிந்த ஒருவரை, என் துறையைச் சேர்ந்தவராக நான் பார்க்கவில்லை.

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மௌ என்னும் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் சுபேதார். பம்பாயில் அந்தக் குடும்பம் வாழ்ந்தது பரேல் பகுதியில், பஞ்சாலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒற்றை அறைக் குடியிருப்புகளில். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் திரும்பும் உலகம் அது. எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றார். பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குப் போனார். அங்கே அவர் முதன்மையாகப் படித்தது பொருளியல். பிறகு லண்டன் பொருளியல் பள்ளி. உதவித்தொகை தீர்ந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்துக்கொண்டு 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டிற்காக 1923இல் முனைவர் பட்டம்.

அவர் ஆய்வேட்டை எழுதிய அந்த ஆண்டுகளில் லண்டன் பொருளியல் பள்ளியின் இயக்குநராக இருந்தவர் இதே வில்லியம் பெவரிட்ஜ். 1919இல் பொறுப்பேற்று 1937 வரை அங்கே இருந்தார். பெவரிட்ஜ் பிறந்ததோ வங்காளத்தின் ரங்பூரில், 1879இல், ஒரு மாவட்ட நீதிபதியின் மகனாக. நம் மண்ணில் பிறந்த ஆங்கிலேயர் ஒருவர் தன் நாட்டுத் தொழிலாளிக்குக் காப்புறுதி வகுத்த நாள்களில், அவர் தலைமை வகித்த பள்ளியில் படித்த இந்தியர் ஒருவர் இங்கே அதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கேள்வி அம்பேத்கருக்கு நூலகத்தில் பிறந்ததன்று. ரமாபாய்க்கும் அவருக்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். கடைசி மகன் ராஜரத்னா 1926இல் இறந்தான். மறு ஆண்டு பம்பாய் சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினரானார். 1928இல் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு உதவி மசோதா அங்கே வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். பிள்ளை பெறுவது அவரவர் வீட்டு விவகாரம், அதற்கு முதலாளி ஏன் பணம் தர வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். பேறுகாலத்தின் முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை, ஆகவே சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்பதே முறை, ஆனால் பெண்களை வேலைக்கு வைத்து ஆதாயம் பெறுகிறவரும் ஒரு பங்கைத் தரக் கடமைப்பட்டவர் என்பது அம்பேத்கரின் நிலை. 1929இல் அது சட்டமானது. நம் சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் 1934இல் வந்தது.

அந்தச் சட்டங்களில் ஓர் ஓட்டை இருந்தது. முழுத் தொகையையும் அந்தந்த முதலாளியே தர வேண்டும் என்றிருந்ததால், கர்ப்பம் வெளியே தெரிந்ததும் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது மலிவான வழியாகிவிட்டது. மணமான பெண்களைச் சேர்க்காமல் விடுவது அதனினும் மலிவு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திற்கும் இதே கதிதான். கை போனவன் தன் முதலாளியோடு வழக்காடித்தான் இழப்பீடு வாங்க வேண்டும். சட்டம் உரிமை தந்தது. ஆனால் அந்த உரிமையைத் தட்டிப் பறிப்பதில் லாபம் காணும் ஒருவரின் கையிலேயே அதை ஒப்படைத்தது. இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பஞ்சாலைகளில் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களுக்கு நெசவுப் பிரிவில் இடம் இல்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். அதே நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளியும் வாயில் வைக்க வேண்டும். கூலி கூடுதலாகக் கிடைத்த பிரிவு அதுவே. 1928 பம்பாய் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை எழுப்பினார், தொழிற்சங்கத் தலைவர்கள் சங்கடப்பட்டார்கள். முதலாளிகளைப் போலவே சக தொழிலாளிகளையும் எதிர்த்து நிற்க வேண்டியவர்களுக்காக அவர் பேசினார். ஆயினும் தொழிலாளர் ஒற்றுமையை அவர் கைவிடவில்லை. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்ட்களோடு கைகோத்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அடுத்த மாதமே வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்து, காங்கிரஸ் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அந்த நேரத்தில் அன்னிய அரசில் பதவி வகித்தார் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அவர்மேல் உண்டு. அதற்கான விடை அவருடைய கோப்புகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம். அதே ஆகஸ்டில் அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய முத்தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் மாநாட்டைத் தில்லியில் கூட்டினார். அதற்கு ஒரு நிரந்தர அமைப்பும் உருவானது. 1944இல் நிலக்கரித் தொழிலாளர் நல நிதி வந்தது. 1945இல் தொழிற்சாலைகளில் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமானது. 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதா அறிமுகமானது.

இவற்றுள் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1943 மார்ச்சில் பி.பி. அதார்க்கர் என்ற பொருளியல் பேராசிரியரிடம் இதற்கான திட்டம் தீட்டும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில் அவர் அறிக்கை தந்தார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் இருவர் 1945இல் அதைப் பரிசீலித்தார்கள். மகப்பேறு, பணியில் நேரும் காயம் ஆகியவற்றையும் அதே திட்டத்தில் இணைக்கச் சொன்னார்கள். தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு எனச் சந்தா செலுத்த, அது ஒரே பொது நிதியில் சேரும். பலனைத் தருவது முதலாளி அல்லர், அந்த நிதி. சந்தா கூலியைப் பொறுத்தது. ஆணா பெண்ணா, மணமானவரா இல்லையா என்பதைப் பொறுத்தது அன்று. ஆகவே பெண்ணைச் சேர்ப்பதால் முதலாளிக்கு ஒரு காசும் கூடுதல் செலவில்லை, அவளை நீக்குவதால் லாபமும் இல்லை. 1929 சட்டத்தின் ஓட்டை இப்படி அடைபட்டது. பல்கலைக்கழகத்தில் காப்பீட்டுப் பொருளியல் என்று நாங்கள் வரைபடம் போட்டு விளக்குவதன் சாரம் இவ்வளவே.

இன்றும் இந்த வேறுபாடு உயிரோடிருக்கிறது. இஎஸ்ஐ வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். அதற்குள் சம்பளம் வாங்கும் பெண்ணின் 26 வாரப் பேறுகாலச் சம்பளத்தை நிதி தருகிறது. அதற்கு மேல் வாங்குகிறவளுக்குச் சட்டப்படி முதலாளியே தர வேண்டும். நேர்முகத் தேர்வில் திருமணம் எப்போது என்று கேட்கப்பட்ட என் மாணவிகள் அனைவரும் இந்த இரண்டாம் வகையினர்.

அம்பேத்கரின் பணியில் கறை இல்லாமலும் இல்லை. சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வதற்கு 1937 முதல் தடை இருந்தது. போர்க்காலத்தில் நிலக்கரி போதவில்லை என்று 1943இல் அந்தத் தடையை நீக்கியது அவருடைய துறையே. இங்கிலாந்து நாடாளுமன்றம்வரை எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தன்பாத் சுரங்கங்களுக்குச் சென்று நேரில் இறங்கிப் பார்த்தார். 1946 தொடக்கத்தில்தான் தடை மீண்டும் வந்தது. மகப்பேறு உதவிக்காக வாதாடிய மனிதரின் கையெழுத்தோடு பெண்கள் இருட்டுக்குள் இறக்கப்பட்டார்கள் என்பதை அவரைப் போற்றும் நூல்கள் பெரும்பாலும் கடந்துபோகின்றன. கடந்துபோகத் தேவையில்லை. அமைச்சர் பொறுப்பு என்பது இத்தகைய கையெழுத்துகளையும் உள்ளடக்கியதே.

அதேபோல, எட்டு மணி நேர வேலையை அவரே ஒரு நாளில் அறிவித்துத் தந்தார் என்று கைப்பேசிகளில் ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒரு செய்தி சுற்றுகிறது. சென்னையில் 1918இலேயே சங்கம் கண்ட பி அண்டு சி மில் தொழிலாளர்கள் உள்படப் பலர் போராடியதன் தொடர்ச்சி அது. உண்மையில் நடந்தது, வாரத்திற்கு 54 மணி என்றிருந்த உச்சவரம்பை 48 ஆகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம். அந்த மசோதாவை அவைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பினால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டபோது, ஒரகடம் தேநீர்க் கடைகளில் பேசப்பட்டதும் அந்த 48 மணி நேரக் கணக்குத்தான்.

அவர் தொடங்கி முடியாமல் போனதும் உண்டு. தொழிலாளரைப் பிரதிநிதித்துவப்படுத்தும் சங்கத்தை நிர்வாகம் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவை 1943இல் கொண்டுவந்தார். அது பல கைகள் மாறி 1947இல் சட்டமாக நிறைவேறியது. ஆனால், ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள்கள் பந்தலில் அமர்ந்திருந்தபோது, 81 ஆண்டு முந்தைய அந்த மசோதா என் நினைவுக்கு வந்தது. முதலீடு போய்விடும் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது இந்த ஊர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். ஆனால் யாரோடு பேசுவது என்பதே முடிவாகாத இடத்தில் எதைப் பேசித் தீர்க்க முடியும்?

1946 கோடையில் அந்த நிர்வாகக் குழு கலைந்தது. காப்பீட்டு மசோதா அவ்வாண்டு நவம்பரில் அறிமுகமானபோது தொழிலாளர் துறை ஜகஜீவன் ராமின் கையில் இருந்தது. 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு அதைத் தொடங்கிவைத்தார். தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூரில் நடைமுறைக்கு வந்தது.

அது யாரைச் சேர்த்துக்கொண்டது என்பதைவிட யாரை வெளியே விட்டது என்பது அம்பேத்கரைத் துன்புறுத்தியிருக்க வேண்டும். மின்சக்தியில் இயங்கி, இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டுமே சட்டம். பிஸ்மார்க்கின் ஜெர்மனியைப் போல இங்கும் மக்கள் நல அரசு ஆலை வாசலில் தொடங்கியது. அவர் மக்களில் மிகப் பெரும்பாலோரோ வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். அதனால்தான் 1947இல் அரசுகளும் சிறுபான்மையினரும் என்ற அறிக்கையில், விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் கட்டாயக் காப்பீடு வேண்டும், இவை அரசமைப்பிலேயே எழுதப்பட வேண்டும் என்று கோரினார். வரைவுக் குழுத் தலைவரான பின்பும் அதை நிறைவேற்ற அவரால் முடியவில்லை. வேலையின்மை, முதுமை, நோய் ஆகியவற்றில் அரசின் உதவியும், மனிதத் தன்மையுள்ள பணிச்சூழலும், பேறுகால உதவியும் 41, 42 ஆகிய பிரிவுகளில் வழிகாட்டு நெறிகளாக இடம்பெற்றன. நீதிமன்றம் சென்று கேட்டுப் பெற முடியாத நெறிகள்.

நெறிகளைச் சட்டமாக்கும் பொறுப்பு அதன்பிறகு அவரிடம் இல்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்கு நேர்ந்த கதியால் 1951இல் அமைச்சரவையிலிருந்து விலகினார். நீரிழிவு முற்றியிருந்த உடலோடு 1956 டிசம்பர் 6 அன்று தில்லி வீட்டில் உறக்கத்திலேயே இறந்தார்.

ஆலை வாசல் அன்று ஒரே வாசலாக இருந்தது. உள்ளே இருப்பவர் தொழிலாளி, சம்பளம் தருபவர் முதலாளி. இன்று இந்தத் தொழிற்தடத்தில் வாகனத்தின் மேல் ஒரு நிறுவனத்தின் பெயர், உதிரிபாகத்தின் மேல் மற்றொன்றின் பெயர், சம்பளச் சீட்டின் மேல் யாரென்றே தெரியாத ஒப்பந்ததாரரின் பெயர். சட்டப்படி ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இஎஸ்ஐ உண்டு. ஒப்பந்ததாரர் செலுத்தத் தவறினால் முதன்மை முதலாளியே செலுத்த வேண்டும் என்றும் 1948 சட்டம் சொன்னது. அதை எழுதியவர்கள் இடைத்தரகரை அறியாதவர்கள் அல்லர். ஆனால் எட்டு மாதத்திற்கு ஒருமுறை தரகர் மாறும்போது அவளுடைய கணக்கும் முதலிலிருந்து தொடங்கும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை 2024இல் மாநில அரசு திறந்தது. நல்ல கட்டடம், தேவையான கட்டடம். அந்த எண்ணிக்கையைப் படித்தபோது, அவர்களில் எத்தனை பேர் தங்கள் காப்பீட்டு எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

எங்கள் மாடிப் பெண்ணோடு அலுவலகத்திற்கு மூன்று முறை போனேன். இரண்டு எண்களும் ஒருவருடையவையே என்று மெய்ப்பிக்க ஆதார், வங்கிப் புத்தகம், இரண்டு ஒப்பந்ததாரர்களின் கடிதங்கள் கேட்டார்கள். முதல் ஒப்பந்ததாரரின் அலுவலகம் இருந்த கட்டடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருந்தது. அவரைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. குழந்தைக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது பணம் வந்தது. அதற்குள் அவள் வேறொரு ஒப்பந்ததாரரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சேரும்போது பழைய எண்ணைக் கொடுத்தாயா அம்மா என்று கேட்டேன். அட்டையைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். என்னிடம் திறந்து காட்டினாள். மறுநாள் விடியற்காலை நான் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியபோது அவளும் கிளம்பினாள். கூண்டை ஒட்டிய நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம். பேருந்து வந்தது.